ஏழுமலை மாமாவின் இரண்டாவது ஸ்கேன்

1

நேற்று மத்தியானம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அவள் புருஷன் டெரிக், தரைவிரிப்புக் கடை வைத்திருந்தவர், போன குளிர்காலத்தில் மாரடைப்பு வந்து பிழைத்த ஆள். வந்த புதிதில் ஒரு ஸ்கேன், ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் என்று எங்கள் ஆராய்ச்சியில் அவரைச் சேர்த்திருந்தோம். நேற்று இரண்டாவது. பக்கத்து அறையில் டாக்டர் அவரிடம், மிச்சமிருக்கும் இதயத் தசை நன்றாகத் தேறிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். கிழவி அழுதுகொண்டே வெளியே வந்தாள். எதிரில் அகப்பட்ட முதல் ஆள் நான். கூட வந்த மகன், நாற்பது வயதுத் தடியன், சுவரில் சாய்ந்து நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். அப்பா இன்னும் கொஞ்ச காலம் இருப்பார் என்ற சந்தோஷத்தில் அழுகிறானாம்.

நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு என்றுதான் நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஜூன் மாதக் கடைசி வந்தால் எனக்கு இப்படி ஏதாவது ஆகிவிடுகிறது. என் அக்கா புருஷன் ஏழுமலை மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் அது. ஊரில் இருக்கும் உங்களிடம் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறும். கேட்டுவிட்டு உங்களுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

2

என் பிழைப்பு என்ன என்று செங்கல்பட்டுப் பக்கம் யாருக்கும் இதுவரை சரியாகப் புரிந்ததில்லை. "போட்டோ புடிக்கிற வேல" என்று அக்கா தெருவில் சொல்லி வைத்திருக்கிறாள். அது தப்பும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே, இங்கிலாந்தின் வடக்கில், மழை நிற்கத் தெரியாத ஓர் ஊருக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்குவது என் வேலை. அதிலும் எங்கள் பிரிவு, மாரடைப்பு வந்தவர்களின் இதயத்தை மட்டும் படம் எடுக்கிறது.

கையில் ஒரு மருந்தை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்போம். உயிருள்ள தசையில் அந்த மருந்து தங்காது, வடிந்துவிடும். செத்த தசையில் தங்கிவிடும். பிறகு படம் எடுத்தால் இதயம் குறுக்கே வெட்டிய வளையம் போலத் திரையில் வரும். கருப்பாக இருக்கும் இடம் உயிரோடு இருக்கிறது. வெள்ளையாக இருக்கும் இடம் போய்விட்டது. போனது திரும்பாது. அவ்வளவுதான் வித்தை. அந்த வெள்ளை எவ்வளவு, மிச்சக் கருப்பு எப்படி இழுத்துப் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

பார்த்ததைச் சொல்லக் கூடாது என்பது இங்கே சட்டம். இயந்திரத்தை விட்டு இறங்கும் ஒவ்வொருவரும் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். "உங்கள் டாக்டர் சொல்வார்" என்று நான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை முகத்தில் எதுவும் தெரியாமல் சொல்வதற்கு ஒரு நாள் முழுக்கப் பயிற்சி வகுப்பு நடத்திச் சான்றிதழும் கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாது, வேலை நிரந்தரம் ஆகாவிட்டால் விசா நீளாது. ஆகவே முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளக் கற்றேன். நாக்குதான் சில சமயம் காலை வாரியது. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் மைக்கில் "மூச்ச இழு, வுடு, நிறுத்து" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். உள்ளே படுத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் பயந்துபோய்ச் சரியாக நிறுத்தினார். அன்றைக்கு எடுத்த படம்தான் அந்த வாரத்திலேயே நல்ல படம்.

3

ஏழுமலை மாமா அரசு பஸ் டிரைவர். மாமல்லபுரத்தில் வீடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி. ஒருமுறை போவதை அங்கே சிங்கிள் என்பார்கள். போய்த் திரும்பினால் இரண்டு சிங்கிள். பாதியில் வண்டியை விட்டு இறங்கினால் சிங்கிள் கட். மாமாவின் சர்வீஸில் சிங்கிள் கட் ஆனதே கிடையாது என்பது அவருக்குக் கோயில் பிரசாதம் மாதிரி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காலை, முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது நெஞ்சை அடைத்திருக்கிறது. இடது கை கனத்திருக்கிறது. நம் ஜனத்துக்கு நெஞ்சில் எது வந்தாலும் வாயுதானே. கண்டக்டர் ஓடிப்போய் சோடா வாங்கி உப்புப் போட்டுக் கொடுத்தார். குடித்தார், ஏப்பம் விட்டார், வண்டியை எடுத்தார். அடையாறு வரைக்கும் போய் ஆட்களை இறக்கிவிட்டு, வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு, வியர்வையைத் துண்டால் பிழிந்து பிழிந்து மாமல்லபுரத்துக்கே திரும்ப ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வீட்டுக்குப் போய் ரசம் சோறு சாப்பிட்டுப் படுத்தார். சாயங்காலம் எழுப்பினால் எழவில்லை. செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த இரண்டு சிங்கிளில் மாமாவின் இதயத்துடைய முன்பக்கச் சுவர் முழுக்கச் செத்துப்போனது. போகும்போதே இறங்கி ஒரு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

பிழைத்தார். ஆனால் இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டது. டிப்போ கேட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உள்ளே வரும் வண்டி, வெளியே போகும் வண்டிகளைப் பார்த்துக் கையை ஆட்டுவது வேலை.

4

சில மாதம் கழித்து லீவில் போயிருந்தேன். பைபாஸ் செய்யலாமா வேண்டாமா என்று டாக்டர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரில் உயிர் இருந்தால்தான் ஆபரேஷனுக்கு அர்த்தம். அதைப் பார்க்கச் சென்னையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருந்தவர் என்னோடு படித்தவர் என்பதால் என்னையும் உள்ளே உட்கார விட்டார்.

அந்த அறைக்குள் ஒரு குண்டூசி கூடப் போகக் கூடாது. மாமாவின் சட்டை, பெல்ட், வாட்ச் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. இடுப்பில் அரைஞாண் கயிறு. அதில் செய்யூர்ப் பூசாரி மந்திரித்துக் கட்டிய தாயத்து, உள்ளே இரும்புத் தகடு. முடிச்சு வியர்வையில் ஊறி இறுகிக் கிடந்தது. நர்ஸ் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள்.

"டேய் பாபு, உசுரோட கீறவனுக்கு இத்த அறுப்பாங்களாடா? பொணத்துக்குத்தான்டா அறுப்பாங்க" என்றார் மாமா.

"வேற வழியில்ல மாமா. அந்தத் தாயத்தோட உள்ள போக முடியாது."

கொஞ்ச நேரம் கத்தரிக்கோலையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "குடு, நானே அறுத்துக்கிறேன். அப்பால கோபி அறுக்கும்போது எப்படி இருக்கும்னு தெரிஞ்சிக்கலாம்." நர்ஸ் சிரித்தாள். கோபி அவருடைய ஒரே மகன்.

உள்ளே படுத்துக்கொண்டு அந்த இயந்திரம் போடும் சத்தத்தைக் கேட்டவர் வெளியே வந்து, "நம்மூரு கல்லுப் பட்டறையாண்ட படுத்த மாரி கீது" என்றார். திரையில் நான் பார்த்தது வேறு. முன்பக்கச் சுவர் முழுக்க, உள்ளிருந்து வெளி ஓரம் வரை, பால் போல வெள்ளை. வேலையில் ஆயிரம் தரம் பார்த்த வெள்ளைதான். ஆனால் இது என் அக்காவுக்குத் தாலி கட்டிய ஆளுடையது.

டாக்டர் மாமாவிடம், "ஆபரேஷன் தேவையில்லை, மாத்திரையே போதும்" என்றார். மாமா ரொம்ப சந்தோஷமாகக் கும்பிட்டார்.

5

திரும்பி வரும்போது வாடகைக் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுகிற ஆளுக்குக் கியர் மாற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டே வந்தார். கோவளம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஆப்ரேசன் ஏன் வேணான்றாங்க? நெசத்த சொல்லு. உன் வெள்ளக்காரன் சட்டம்லாம் இங்க வேணாம்."

சொன்னேன். முன்பக்கம் செத்துவிட்டது, அதற்கு ரத்தம் கொண்டுபோய்ப் பிரயோசனம் இல்லை, மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு மாத்திரையில் ஓட்ட வேண்டும் என்றேன்.

"திடீர்னு நின்னுருமா?"

"நிக்கலாம். நிக்காமலும் இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது மாமா."

அவர் இரண்டாவது பாதியைக் கேட்டதாகவே தெரியவில்லை. வெளியே சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். நெஞ்சுவலிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். மனிதர் ரிட்டயர்மெண்டுக்கு மிச்சமிருக்கும் சர்வீஸை எண்ணிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். வேலையில் இருக்கும்போதே ஒருவர் செத்துப்போனால் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. உடம்பு முடியவில்லை என்று தானாக விலகினால், அவர் வயதுக்கு, மகனுக்கு ஒன்றும் கிடையாது. ரிட்டயர் ஆகிவிட்டாலும் கிடையாது. கோபி டிப்ளமா முடித்துவிட்டு ஏழெட்டு வருஷமாக வேலை தேடுகிறவன். வேலை இல்லை என்பதால் பெண் கிடைக்கவில்லை, பெண் கிடைக்கவில்லை என்பதால் முகத்தில் சிரிப்பு இல்லை. குடிக்க மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான். வீட்டில் ஒரு மூலையில் நாற்காலி மாதிரி இருப்பான்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மாமா அறிவித்தார். "மல்லிகா, கோபிக்கு வேல கன்பர்ம். ரிட்டயர்மெண்டுக்குள்ள நான் பூடுவேன். பாபு படத்துலயே பாத்துட்டான்."

அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். வாயில் மண்ணைப் போடுகிறாரே என்று என்னையும் சேர்த்துத் திட்டினாள். அந்த அழுகை பொய்யில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு இலை போடும்போது, "கோபி, உன் ஜாதிச் சர்ட்டிபிகேட் பீரோவுலதான கீது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியும் பொய்யில்லை.

6

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமாவுக்கு நடந்த உபசாரத்தை நான் இங்கிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலைக் காற்றாடிக்குக் கீழே நகர்த்தினார்கள். கோபி தினமும் டூவீலரில் டிப்போவுக்குக் கொண்டுபோய் விட்டு, கூட்டிக்கொண்டு வந்தான். குப்பத்துக்கு விடியற்காலையில் போய் வஞ்சிரம் வாங்கி வந்தான். முப்பது வருஷம் பழைய சோறு கட்டிக்கொடுத்த அக்கா, சூடாகத் தோசை வார்த்தாள். யாரும் அவரிடம் குரல் உயர்த்தவில்லை. சாகப்போகிற மனிதருக்கு எல்லாமே கிடைத்தது.

"ராஜா மாரி கீறேன்டா" என்பார் மாமா. "இத்தினி நாளா இவங்களுக்கு இப்டிலாம் செய்யத் தெரியும்னே எனக்குத் தெரியாது."

என் மகள் மீரா இங்கே பிறந்தவள். தமிழ் புரியும், பேசினால் ரேடியோவில் அலைவரிசை மாறுகிற மாதிரி இருக்கும். போன் பேசி முடித்தால், "டாடி, மாமா இன்னும் செத்துக்கிட்டு இருக்காரா?" என்று கேட்பாள். பல் தேய்த்துக்கொண்டு இருக்காரா என்று கேட்கிற அதே குரலில். அவளைத் திட்ட வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வேன். அக்கா வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் குழந்தை வாய்விட்டுக் கேட்டது.

7

மறுபடி போனது, ரிட்டயர்மெண்டுக்குச் சில மாதம் இருக்கும்போது. இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதே சென்டர், அதே நண்பர். இந்தத் தடவை இடுப்பில் வெறும் கயிறுதான் கட்டியிருந்தார். அறுக்க வேண்டியிருக்கவில்லை.

படம் வந்தது. வெள்ளை அப்படியேதான் இருந்தது, கொஞ்சம் சுருங்கி இறுகியிருந்தது. ஆனால் பின்பக்கமும் பக்கவாட்டும் தடித்து, ஜோடி மாடு ஒன்று விழுந்த பிறகு இன்னொன்று தனியாக வண்டி இழுக்கிற மாதிரி, இழுத்துக்கொண்டிருந்தது. வீங்கியிருந்த இதயம் அளவுக்கு வந்திருந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. என் நண்பர் என் முதுகில் தட்டினார். இங்கே என்றால் கேக் வெட்டியிருப்பார்கள்.

டாக்டர் கையைக் குலுக்கி, "இன்னும் பல வருஷம் இருப்பீங்க" என்றார். மாமாவின் முகம் தொங்கிவிட்டது. ஃபெயில் என்று வந்த ரிசல்ட்டைக் கையில் வாங்கிய பையன் மாதிரி நின்றார்.

காரில் முன் சீட்டில் உட்காரவில்லை, பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் கியரை நசுக்கியபோது கூட ஒன்றும் சொல்லவில்லை.

"பாபு, இத்த வூட்ல சொல்லாதடா."

"ஏன் மாமா? நல்ல விஷயம்தானே?"

"உனக்கு நல்ல விஷயம். நான் புள்ளைக்குப் பேச்சு குடுத்துட்டேன்ல. பொண்ணு வூட்டுக்காரங்க வேற வந்து பாத்துட்டுப் பூட்டாங்க. அப்பாவுக்கு அப்பால வேல வரும்னு சொல்லித்தான் பேசிக்கினு கீறாங்க." பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. "அதுவும் இல்லாம, நல்லா கீதுன்னு சொன்னா இன்னிக்கே வஞ்சிரம் நின்னுரும்."

நான் சிரிக்கவில்லை. அப்போது எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. உயிரோடு இருப்பதற்கு வெட்கப்படுகிற மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்லவில்லை. வீட்டில் அக்காவிடம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "டாக்டர் பாத்துட்டு சொல்றேன்னாரு" என்றேன். வெள்ளைக்காரன் கொடுத்த பயிற்சி நம்மூரில் உதவியது.

8

இங்கிலாந்துக்குத் திரும்பும் முந்தின நாள் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

"டேய், ஜூனு தாண்டுவாராடா?"

"அக்கா, இன்னா கேக்கறன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"தெரியும். நான் இன்னா ராட்சசியா? அவரு நூறு வயசு இருந்தா எனக்கு வேணாமா? அவரு இருப்பாருன்னு நீ சொல்லு, இந்தப் பேச்ச இத்தோட வுட்டுர்றேன். இருக்க மாட்டாருன்னுதான எல்லாரும் சொல்றீங்க. எப்டியும் போறவரு, ஜூனுக்கு அப்பால போறதுக்கு, முன்னாலயே போனா இன்னாடா கொறஞ்சிப்பூடும்? அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தியா நீ?"

அழுதுகொண்டேதான் கேட்டாள். கண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது. அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது, புருஷனும் வேண்டும், அவர் ஜூனுக்குள் போகவும் வேண்டும். எனக்கு வாய் வரை வந்துவிட்டது, அவர் நன்றாக இருக்கிறார் என்று. சொல்லியிருந்தால் அவளுக்கு அடுத்த வினாடி முகத்தில் என்ன வந்திருக்கும் என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. "டாக்டருக்குத்தான் தெரியும்" என்றேன்.

9

மே மாதம் போனில் மாமா, "மாத்திரய வுட்டுட்டேன்டா" என்றார். கடைக்குப் போய்விட்டு வந்தேன் என்பது போலச் சொன்னார். நான் கத்தினேன். இங்கே ஆஸ்பத்திரி நடைவழியில் நின்று தமிழில் கத்தினேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்தார்.

"ஒண்ணியும் ஆவலடா. காலு மட்டும் கொஞ்சம் வீங்கிச்சி. இந்தப் பாழாப்போன நெஞ்சு நின்னாத்தான? ரெண்டு சிங்கிளு இஸ்துகினு வந்ததாச்சே."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"மாத்திர டப்பா அப்படியே கீறத தெனமும் தொடச்சி வெக்கிறா. தெரியாமலா?"

அன்றைக்கே கோபிக்குப் போன் செய்து திட்டினேன். மறுநாளிலிருந்து அவன் மாத்திரையை அவனே கையில் எடுத்துக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்கும் வரை நின்று பார்த்தானாம். ஜூன் முடிகிற வரை ஒரு வேளை கூடத் தவறவில்லை. நம்பினால் நம்புங்கள்.

ஜூன் முடிந்தது. கடைசி நாள் சாயங்காலம் டிப்போவில் மாமாவுக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, வாழ்த்திப் பேசினார்கள். ஊர் வழக்கப்படி கூட வேலை பார்த்தவர்கள் வேனில் ஏற்றிக்கொண்டுவந்து, தெருமுனையில் பட்டாசு வெடித்து, வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். அக்கா ஆரத்தி எடுத்தாள். தட்டைச் சுற்றும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லையாம், கழுத்து மாலையைத்தான் பார்த்தாளாம். பெண் வீட்டுக்காரர்கள் யாரும் வரவில்லை.

அன்று இரவு அவரே போன் செய்தார். இங்கே இன்னும் வெளிச்சம் இருந்தது, மீரா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமா சாகலையா? அப்போ நல்ல நியூஸ்தானே டாடி?" என்று என் சட்டையை இழுத்தாள். நான் அவளைக் கையால் தள்ளினேன்.

மாமாவின் குரல் தழுதழுத்தது. நாள் முழுக்க நின்ற அலுப்பு என்று நினைத்தேன்.

"பாபு, வேன்ல வரச்சொல்ல நெஞ்சு பக்கு பக்குன்னுச்சிடா. இப்பவாவது நின்னுருமான்னு பாத்தேன். கோபி மூஞ்சில எப்டி முழிக்கிறதுன்னு ஒரே பயம். வூட்டுக்குள்ள வந்தேன். அவன் ஒண்ணும் பேசல. கிட்ட வந்தான். மாலையக் கழட்டுனான். சட்டையக் கழட்டி ஆணில மாட்டுனான். அப்பால தோள்மேல கை போட்டு, 'பரவால்ல வுடுப்பா'ன்னான்."

அவர் தேம்பினார், மூக்கை உறிஞ்சினார், பிறகு நிஜமான பெருமையோடு சொன்னார்:

"தங்கம்டா எம்புள்ள. நான் இவ்ளோ பெரிய மோசம் பண்ணியும் ஒரு வார்த்த கோச்சிக்கலடா."